கஞ்சமலைக்குப் போன திசைகாட்டி

வடக்கைக் காட்டும் கருவி ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால், முதலில் வடக்கு எங்கே என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேலத்தில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பித்துக்கொண்டு, சாரணர் படையையும் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஒரு வேலையிலேயே என் அரையாண்டு விடுமுறையின் பெரும்பகுதி கழிந்தது. மகிழ்ச்சியாகத்தான் கழிந்தது.

கருவி ஒரு கைக்கடிகாரம். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் டிசம்பரில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கறுப்புப் பட்டை, தடித்த வட்ட முகம், ஓரத்தில் பொத்தான்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் 12 மணி இருக்கும் பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது என்று டிகிரியில் எண் வரும். இன்னொன்றை அழுத்தினால் கடல்மட்டத்திலிருந்து உயரம். மற்றொன்றில் காற்றழுத்தமும் வெப்பநிலையும். மலையேறுகிறவர்களுக்காக 1990-களில் கேசியோ, சுவுண்டோ போன்ற நிறுவனங்கள் பரப்பிய வகை இது. காந்தப்புலம், அழுத்தம், வெப்பம் மூன்றையும் உணரும் சில்லுகள் ஒரு மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்கியது அந்தப் பத்தாண்டில்தான். அவன் இதைக் கட்டிக்கொண்டு கேஸ்கேட் மலைகளில் நிறைய நடந்திருக்கிறான். புதிது வாங்கிவிட்டதால் இதைப் படைக்குக் கொடுக்க நினைத்தான்.

“சார், நீங்க பசங்களை ஏற்காடு, கொல்லிமலைன்னு கூட்டிட்டுப் போறீங்க. மூடுபனியில இதை நம்பி நடக்கலாமான்னு பார்த்துச் சொல்லுங்க. சரின்னா இன்னும் நாலு வாங்கித் தரேன்.”

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் எவரும் தன் கையில் இருப்பது என்ன, அது எதுவரை உதவும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைத்தேன். ஆகவே அவன் கேட்டதற்கு அன்றே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். செல்போனின் ஜிபிஎஸ் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும். நின்ற இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதற்குப் போனும் உள்ளே இருக்கும் காந்த உணரியைத்தான் கேட்கிறது. மழையில் நனைந்த விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மணிக்கட்டில் ஒரு பொத்தானை அழுத்தித் திசை பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது மலையில் நனைந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, வடக்கு எங்கே? வீட்டு மொட்டைமாடி உதவாது. தளத்துக்குள் கம்பி ஓடுகிறது. மாடியில் இரண்டடி தள்ளி நின்றால் எண் மாறுகிறது. இன்னொரு காம்பஸை வைத்து ஒப்பிடுவதும் சோதனை ஆகாது. ஒரே இரும்பு இரண்டையும் ஒரே பக்கம் இழுத்துவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்றால், நம் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது தெரியும். சேலத்தில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி. தெருவிளக்கும் தூசியும் அந்த உயரத்தை எளிதாக மூடிவிடுகின்றன.

அதனால் நிழலிடம் போனேன். பள்ளி மைதானத்தின் நடுவில், கோல்கம்பங்களிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு மீட்டர் மூங்கில் கோலைச் செங்குத்தாக நட்டோம். தூக்குநூல் பிடித்து நேர் பார்த்தது எட்டாம் வகுப்புப் பையன்கள். கோலை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டோம். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி, அதன் நுனி வட்டத்தை ஓரிடத்தில் தொட்டு உள்ளே வரும். பிற்பகலில் மறுபடி நீண்டு, இன்னோர் இடத்தில் வட்டத்தைத் தாண்டி வெளியே போகும். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் தெற்கு வடக்கு. இந்தச் சங்கு முறையை மயமதம் போன்ற சிற்ப நூல்கள் விளக்குகின்றன. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்திலும், நண்பகலில் கோல்களின் நிழலைக் கொண்டு திசை குறித்து, நூல் அறிந்தவர்கள் கயிறிடுவது வருகிறது. இரும்பின் இழுப்புக்கு ஆட்படாத வடக்கு இது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் மாதம் இதற்கு மிகவும் வசதி. சூரியன் தென்கோடியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் நாட்கள் அவை. காலைக்கும் மாலைக்கும் இடையில் அதன் பாதை விலகுவதால் வரும் பிழை அப்போது மிகக் குறைவு. சேலத்தில் நடுப்பகலில் ஒரு மீட்டர் கோலுக்கு 70 சென்டிமீட்டர் அளவுக்கு வடக்கு நோக்கித் தெளிவான நிழல் விழும். இதையே சித்திரையில் செய்யப்போனால், ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நடுப்பகலில் கோலின் காலடியில் நிழலே இருக்காது. கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் தெற்கைக் கண்டுபிடிக்கச் சொல்லும் மேல்நாட்டுச் சாரணர் பாடம் நம் ஊரில் பொருந்தாமல் போவதும் இதனால்தான். அந்த முறை வெயில் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் நாடுகளுக்கு உரியது. இதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். பாடநூலில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கவைத்து, மலையில் அவர்களைத் தடுமாறவிடக் கூடாது.

கபடிக் கோடு போடுவதுபோலச் சுண்ணாம்புப் பொடியால் தெற்கு வடக்குக் கோட்டை மைதானத்தின் நீளத்துக்கு இழுத்தோம். வாட்ச்சைக் கையில் கட்டி, கோட்டின் மேல் நின்று, வடக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். 0 வந்திருக்க வேண்டிய இடத்தில் 20-ஐத் தாண்டிய எண் வந்தது.

பையன்கள் வாட்ச் கெட்டுவிட்டது என்றார்கள். ஒரு பகுதிக்குக் காரணம் எனக்கு உடனே புரிந்தது. காந்த முள் காட்டும் வடக்கும் பூமியின் சுழல் அச்சு காட்டும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் ஊருக்கு ஊர் வேறு. சியாட்டிலில் அது கிழக்காக ஏறத்தாழ 15 டிகிரி. அங்கே நடப்பவன் அந்தப் பதினைந்தைக் கடிகாரத்துக்குள் பதிந்து வைத்துக்கொண்டால்தான் வரைபடத்தோடு பொருந்தும். அவனும் பதிந்திருந்தான். அந்தப் பதிவு பசிபிக் கரையிலிருந்து அப்படியே சேலத்துக்கு வந்துவிட்டது. நம் பகுதியில் அந்தக் கோணம் மேற்காக இரண்டு டிகிரியை ஒட்டித்தான். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவ்வளவு சிறியது என்பதால் நம் சாரணர்கள் அதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே காம்பஸ் பழகிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் எந்த டிஜிட்டல் காம்பஸிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிவைத்தான். 15 டிகிரி தவறினால், ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு 260 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்போம்.

பதிவை மாற்றிய பிறகும் சிறிது பிழை மிச்சமிருந்தது. அது விநோதமான பிழை. வடக்கில் 5 டிகிரி கூடுதல், தெற்கில் 5 டிகிரி குறைவு, கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய சரி. இப்படித் திசைக்குத் திசை கூடிக் குறைந்தால், இழுக்கும் காந்தம் கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். சோதனைக்கு முன்னால் கடைவீதியில் பேட்டரி மாற்றியிருந்தோம். பொத்தான் பேட்டரியின் எஃகு உறையில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தன்மை இதற்குப் போதும்.

இதற்கு மருந்து கடிகாரத்திலேயே இருக்கிறது. அளவுதிருத்தம் செய்யும் முறைக்குள் போய், சமதளத்தில் வைத்து ஒரு தடவை அழுத்த வேண்டும். பிறகு கடிகாரத்தை அப்படியே 180 டிகிரி திருப்பி, மறுபடி அழுத்த வேண்டும். திருப்பும்போது பூமியின் காந்தம் உணரிக்கு நேர் எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. கடிகாரத்துக்குள் இருக்கும் காந்தமோ கடிகாரத்தோடு சேர்ந்தே திரும்புகிறது. இரண்டு அளவுகளையும் கூட்டினால் பூமியின் பங்கு அடிபட்டுப்போய், உள்ளே இருப்பது மட்டும் தனியாக நிற்கும். அதில் பாதியைக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கு. பலகையில் போட்டுக் காட்டியபோது பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “அப்போ வெளியில இருக்கிற இரும்பை இது கழிக்காதுல்ல சார்?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்காக அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அளவுதிருத்தம் செய்தால், திருப்பும்போது கடிகாரம் சிறிது இடம் மாறினாலும் ஜீப்பின் இழுப்பு மாறிவிடும். அந்த வித்தியாசத்தையும் கடிகாரம் தன் உடம்பின் குறை என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஜீப் இல்லாத காட்டில் போய் இல்லாத ஜீப்பைக் கழித்துக்கொண்டிருக்கும். வெட்டவெளியில், இரும்பிலிருந்து தள்ளி நின்றுதான் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் அது.

அதன் பிறகு அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் எட்டுத் திசைகளிலும் பார்த்தோம். பிழை இரண்டு மூன்று டிகிரிக்குள் அடங்கிவிட்டது. கையில் கட்டும் கருவிக்கு இது நல்ல அளவு.

இந்த இடத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிகாரத்தோடு வந்த சிறு புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கிறது: கையைச் சமமாகப் பிடி, சாய்க்காதே. மாணவனும் அதையே சொன்னான். கேஸ்கேடில் கை கொஞ்சம் சாய்ந்தாலும் எண் எங்கோ ஓடிவிடும் என்றான். இது பழைய வகை. இரண்டு அச்சு உணரிதான் உள்ளே இருக்கிறது. கை சாய்ந்திருப்பதை ஈடுகட்ட உதவும் மூன்றாவது அச்சு இதில் இல்லை. ஆனால் எங்கள் மைதானத்தில் கையைப் பத்து டிகிரி சாய்த்துப் பிடித்தாலும் எண் ஒன்றிரண்டுக்கு மேல் நகரவில்லை.

காரணம் நம் காலடி நிலம். பூமியின் காந்தக் கோடுகள் எல்லா ஊரிலும் கிடைமட்டமாக ஓடுவதில்லை. சியாட்டிலில் அவை 68 டிகிரி அளவுக்குச் செங்குத்தாகத் தரைக்குள் பாய்கின்றன. கை சாய்ந்தால் அந்தச் செங்குத்து வலு உணரிக்குள் கசிந்து, பத்து டிகிரிச் சாய்வுக்கே இருபது டிகிரிக்கு மேல் பிழை வரும். தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிக் காந்த நிலநடுக்கோடு போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிப் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பது இந்தக் கோட்டை முன்னிட்டுத்தான். சேலத்தில் அந்தப் பாய்வு பத்து டிகிரிக்கும் குறைவு. கசிவதற்குச் செங்குத்து வலுவே ஏறக்குறைய இல்லை. அதோடு, திசை காட்டப் பயன்படும் கிடைமட்ட வலு நமக்கு 40,000 நானோடெஸ்லா அளவுக்கு இருக்கிறது. சியாட்டிலில் அதில் பாதிதான். அங்கே முள்ளைத் திருப்பிவிடும் ஓர் இரும்புத் துண்டு, இங்கே பாதி அளவுக்குத்தான் திருப்பும். ஒரே கடிகாரம் நம் ஊரில் இன்னும் நல்ல கடிகாரமாகிவிடுகிறது! இதை எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள். கையேடு எழுதியவர்கள் இருக்கும் ஊர்களில் இந்த வசதி இல்லை.

இதனால் இன்னொரு பழைய புதிரும் தீர்ந்தது. படையின் அலமாரியில் யாரோ ஒரு காலத்தில் லண்டனிலிருந்து கொண்டுவந்த முள் காம்பஸ் ஒன்று கிடந்தது. அதன் முள்ளின் தென்முனை எப்போதும் கீழே உரசிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் வடமுனை தரையை நோக்கி இழுபடும் என்பதால், ஈடுகட்டத் தென்முனையில் எடை கூட்டிச் செய்வார்கள். இங்கே வடமுனையை இழுக்க ஆளில்லை. எடை மட்டும் மிஞ்சுகிறது.

எவையெல்லாம் கடிகாரத்தைக் குழப்புகின்றன என்பதைப் பையன்களிடமே விட்டுவிட்டேன். மைதானத்தில் கோட்டின் மேல் ஒருவன் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொண்டு அவனை நெருங்கினார்கள். செல்போன் ஒரு சாண் தூரத்துக்குள் வந்ததும் எண் நகர்ந்தது, ஸ்பீக்கரின் காந்தம். டிபன்பாக்ஸ் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிள் செய்தது. ஒருவன் வலது கையில் போட்டிருந்த இரும்புக் காப்பு, பொத்தானை அழுத்த அந்தக் கை வரும்போதெல்லாம் திசையைக் கெடுத்தது. ஏற்காடு பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்த்த திசைக்கு எந்தப் பொருளும் இல்லை. சுற்றிலும் தகரம்.

உயரமானியைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். அது உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிச் சொல்கிறது. எனவே தெரிந்த உயரம் ஒன்றை முதலில் அதற்குக் கொடுக்க வேண்டும். நமக்கு அதற்கு எங்கும் போகவேண்டாம். ரயில் நிலைய மஞ்சள் பெயர்ப்பலகையின் கீழே கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கிறது. சேலம் சந்திப்பில் அதைப் பார்த்துப் பதிந்துகொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறியபோது, மேலே ஏரிக்கரையில் வந்த எண் வரைபடத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் மேசையில் அசையாமல் வைத்திருந்தாலும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள் முப்பது மீட்டர்போல அது தானே ஏறிவிடும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. பத்து மணி வாக்கில் உச்சம், நான்கு மணி வாக்கில் பள்ளம், இரவிலும் அதே மாதிரி. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சேலம் உயரத்தில் ஒன்பது மீட்டர் என்று கணக்குப் போட்டால் அந்த முப்பது மீட்டர் வந்துவிடும். குளிர்நாட்டில் அழுத்தம் இப்படி இறங்கினால் புயல் வருகிறது என்று கடிகாரம் அம்புக்குறி போடும். நம் ஊரில் அந்தக் கீழ்நோக்கிய அம்பு தினமும் பிற்பகலில் வரும். அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், பழகிப்போய் உண்மையான புயலைத் தவறவிடவும் வேண்டாம். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பையன்களுக்குச் சொன்னேன். வெப்பமானி மணிக்கட்டின் சூட்டைத்தான் காட்டும். கழற்றிப் பையில் தொங்கவிட்டு அரைமணி கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி கஞ்சமலை.

மைதானத்தில் செய்தது மட்டுமே முழுச் சோதனையாகாது என்று எனக்குத் தெரியும். கருவி எங்கே தோற்கும் என்பதைப் பார்த்தாக வேண்டும். அதற்குச் சேலத்துக்காரனுக்கு இருப்பதுபோல ஒரு மலை வேறு யாருக்கும் வாய்க்காது. நகரத்துக்கு மேற்கே, உருக்காலைக்குப் பக்கத்தில், சித்தர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் திரளும் அந்த மலை, காந்த இரும்புத் தாது நிறைந்தது. வெள்ளைக் குவார்ட்ஸும் கறுப்பு மேக்னடைட்டும் மாறி மாறிப் பட்டை பட்டையாக அடுக்கிய பாறை. அந்த அடுக்குகள் மலையின் சரிவுகளைச் சுற்றிக் கிண்ணத்தின் விளிம்புபோல வளைந்து போகின்றன. 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், புவியியல் துறைக்காகச் சேலம் பகுதியை ஆய்ந்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வீடு வைத்து வாழ்ந்தார். சேலத்துத் தாதுவை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்தினார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். வீடு வருவதற்குள் அதன் மேல் கறுப்பு மயிர் முளைத்துவிடும். அந்தக் கறுப்பு மணல் கரைந்து வந்த தாய்ப்பாறையின் மேல்தான் இப்போது ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு பரபரத்தது.

வனத்துறை அனுமதியோடு, பெரிய பையன்கள் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏறினோம். அடிவாரத்து வயல்வெளியில் வடக்கு சரியாகவே இருந்தது. தூரத்தில் தெரியும் உருக்காலைப் புகைபோக்கியை நோக்கி ஒரு கோணம் குறித்துக்கொண்டோம். சரிவில் ஏற ஏற எண் மெல்ல விலகியது. கறுப்புப் பட்டைப் பாறை முதன்முதலாக மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்த இடத்தில், நின்றுகொண்டு பார்த்தால் ஒரு திசை, குனிந்து கையைப் பாறையருகே கொண்டுபோனால் வேறு திசை. ஒரு முண்டின் மேல் கையை வைத்தபோது தெற்கு வடக்காகிவிட்டது. மலையுச்சிப் பாறைகளில் இடி விழுந்தால், அந்த மின்னோட்டம் மேக்னடைட்டை வலுவான காந்தமாக்கிவிட்டுப் போகும். அந்த முண்டும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே வந்தார். “வாத்தியாரே, இந்தக் கல்லு காந்தத்தை இழுக்குமுங்க. அந்தப் பக்கத்துச் செம்மண்ணுல ஒண்ணும் கிடையாதுங்க” என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கம் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி, ஓரளவுக்கு. மண் மூடிய இடத்திலும் சில தப்படிகளுக்கு எண் ஆடியது, பிறகு நேரானது.

மலையில் தனியாக இருப்பவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். எண் நேராக நிற்கிறது. அது உண்மையா, அடியில் இருக்கும் பாறை இழுத்துக் காட்டும் பொய்யா? திரை இரண்டையும் ஒரே உறுதியோடுதான் காட்டும். 287 என்று எழுதினால் 287தான். இதற்குச் சர்வே படித்தவர்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. லோக்கல் அட்ராக்‌ஷன் இருக்கிறதா என்று பார்ப்பது என்பார்கள். இங்கிருந்து எதிர்மரத்தைப் பார்த்துக் கோணம் எடுத்துக்கொள். மரத்தடிக்குப் போய்த் திரும்பி, முன்பு நின்ற இடத்தைப் பார்த்துக் கோணம் எடு. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 180 என்றால், அநேகமாக இரண்டு இடமும் சுத்தம். இல்லையென்றால் ஓரிடத்திலாவது இரும்பு இருக்கிறது. வரைபடம் வேண்டாம், சூரியன் வேண்டாம், மூடுபனியிலும் பத்தடி தூரத்துக்கு இதைச் செய்யலாம். கருவியையே கொண்டு கருவியைச் சோதிக்கும் இந்த வழியை, காம்பஸ் பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் பாடத்திலேயே கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் சாரணர் வகுப்புகளில் பதினாறு திசைகளின் பெயரை மனப்பாடம் செய்யவைக்கிறோம். இதைச் சொல்வதில்லை.

சரிவுக்குக் குறுக்காக ஒரு கயிற்றைக் கட்டி, பத்துத் தப்படிக்கு ஓரிடமாக முன்னும் பின்னும் கோணம் எடுத்துக்கொண்டே போனோம். எந்தெந்த இடத்தில் 180 கெடுகிறதோ அங்கெல்லாம் ஒரு கல் வைத்தான் ஒருவன். வெயில் ஏறுவதற்குள் கற்கள் ஒரு வரிசையாக விழுந்திருந்தன. மண்ணுக்கு மேலே பாறையே தெரியாத இடங்களிலும் வரிசை தொடர்ந்தது. இரண்டு பக்கமும் வெளியே தெரியும் கறுப்புப் பட்டைகளை அது நேராகப் போய்த் தொட்டது. கண்ணுக்குத் தெரியாத இரும்புப் படுகையை அந்தப் பையன்கள் கைக்கடிகாரத்தின் பிழைகளைக் கொண்டு வரைந்திருந்தார்கள். ஸ்வீடனில் பதினேழாம் நூற்றாண்டிலேயே இரும்புத் தாது தேடுகிறவர்கள் தனி வகைக் காம்பஸ் செய்து இதே வேலையைச் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். நான் சொல்லித்தராமலேயே, “சார், இது எங்க முடியுதுன்னு பார்ப்போமே” என்று ஒருவன் மேலே ஓடினான். வகுப்பறையில் எத்தனையோ வருடம் தாதுக்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அப்படி ஒரு குரலை அங்கே கேட்டதில்லை.

கடைசிச் சோதனை சேர்வராயன் மலையில். தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டம். காட்டெருமை வரும் பகுதி என்பதால் தோட்டத்துக் காவலர் ஒருவரும் கூடவே வந்தார். மூடுபனி இறங்கியதும் முப்பதடிக்கு அப்பால் மரங்கள் நிழலாகிவிட்டன. கிழக்கே முக்கால் கிலோமீட்டர் தள்ளித் தோட்டச் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. அந்தச் சாலையில் இருக்கும் ஒரு சிறு பாலத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது பையன்களுக்கு வேலை.

கடிகாரம் ஒரு டிகிரி வரை எண் காட்டுகிறது. அவ்வளவு நுட்பம் நடையில் கிடையாது. மூன்று டிகிரி கருவியில் போகும், மரத்தைச் சுற்றி நடப்பதில் இன்னும் சில போகும். ஒரு டிகிரிக்கு ஒரு கிலோமீட்டரில் பதினேழரை மீட்டர். பாலத்தை நேராகக் குறிவைத்து நடந்து, சாலைக்கு வந்ததும் பாலம் தெரியவில்லை என்றால், அது வலது பக்கமா இடது பக்கமா என்று எப்படித் தெரியும்? அதனால் பாலத்தைக் குறிவைக்கக் கூடாது. வேண்டுமென்றே பத்து டிகிரி வடக்கே தள்ளிக் குறிவைக்க வேண்டும். அப்படிப் போனால் சாலையைத் தொட்டதும் பாலம் கட்டாயம் வலது பக்கத்தில்தான். இதையும் மைதானத்தில் சுண்ணாம்பு போட்டுப் பழகியிருந்தோம்.

இரண்டு இரண்டு பேராக நடந்தார்கள். ஒருவன் கடிகாரத்தோடு நிற்க, மற்றவன் பார்வை எட்டும் எல்லை வரை முன்னால் போவான். “இடது, இன்னும் இடது, நில்லு” என்று பின்னாலிருந்து குரல் வரும். நின்ற இடத்துக்கு இவன் போய்ச்சேருவான். அங்கிருந்து திரும்பிப் பார்த்து 180-ஐச் சரிபார்ப்பான். பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் திசைத்திரை தானே அணைந்து மணி வந்துவிடுகிறது. ஆனால் குறித்த கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், மறுபடி அழுத்தியதும் அது ஓரத்தில் காத்திருந்தது. குளிரில் விறைத்த விரல்களுக்குப் பொத்தான் சிறிது கடினமாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

சாலையைத் தொட்டார்கள். பாலம் தெரியவில்லை. முன்னால் போன பையன் ஒரு கணமும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பினான். பாலம் அங்கே இருந்தது.

இரவில் மாணவனுக்குப் போன் செய்தேன். நம்பலாம், ஆனால் நாலு வேண்டாம் என்றேன். “இதே ஒண்ணு போதும்பா. மிச்சக் காசுக்கு முள் காம்பஸ் பத்து வாங்கிக் கொடு. நம்ம ஊர்க் காந்தத்துக்குச் சமன் பண்ணினதா பார்த்து வாங்கு. பேட்டரி தீர்ந்த அன்னைக்கு ஒவ்வொரு பையன் கையிலயும் ஒண்ணு இருக்கணும். இந்த வாட்ச் பெரிய பையன்ககிட்ட இருக்கட்டும்.” கஞ்சமலையில் நடந்ததைச் சொன்னேன். அவன் அந்தப் பள்ளியில் படித்தபோது நாங்கள் அங்கே போனதே இல்லை. அடுத்த டிசம்பரில் வரும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொன்னான். கல் வரிசையைக் கிழக்குச் சரிவு வரை கொண்டுபோகப் பையன்கள் வனச்சரகருக்கு அடுத்த மனுவை எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்றேன்.